ஏழு கிலோ பெட்டியில் எத்தனை வீட்டுக்குப் பரிசு?

கோலாலம்பூர் - தீபாவளிப் பலகாரப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு பல வீடுகளில் இன்னொரு வேலை தொடங்கிவிட்டது. 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டிறுதி விடுமுறை பழையபடி டிசம்பருக்கே வந்திருக்கிறது. திருச்சிக்கும் சென்னைக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். பெரியப்பா வீடு, அத்தை வீடு, சின்ன அத்தை வீடு, தாய்மாமன் வீடு, பக்கத்து வீட்டுப் பாட்டி, கார் ஓட்டும் தம்பி. இத்தனை பேருக்கும் என்ன வாங்கிப் போவது?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்காகவே ஊருக்குப் போவதைத் தள்ளிப் போடுபவர்கள் நம்மிடையே உண்டு. டிக்கெட் காசு சேர்ந்துவிடும், பெட்டிக் காசு சேராது என்பது தோட்டப்புறங்களில் பழகிப்போன பேச்சு. வெறுங்கையோடு போய் நின்றால் "மலேசியாவிலிருந்து வந்தவங்க" என்ற பெயருக்கு என்ன மரியாதை என்ற அச்சம், வட்டிக்கு வாங்கியாவது பெட்டியை நிரப்ப வைக்கிறது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய காலத்தில், ஊருக்குப் போகிறவர் கையில் இருந்தது தகர டிரங்குப் பெட்டி. அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பல். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது. அந்தப் பெட்டிகளில் போனவை நைலக்ஸ் சேலை, டார்ச் லைட், பேனா, வாசனைச் சவர்க்காரம், டேப் ரிக்கார்டர், தைலம். இவற்றில் பல இங்கே சாதாரணக் கடைச் சாமான்கள். அங்கே அப்படியல்ல. 1991-க்கு முன் இந்தியாவில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுப் பொருள் வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜாருக்குத்தான் போக வேண்டும், அல்லது மலாயா மாமா வர வேண்டும். மாமாவின் பெட்டிக்கு ஊரே காத்திருந்ததற்கு மாமாவின் மேல் உள்ள பாசம் ஒரு காரணம் என்றால், கடையில் கிடைக்காத சாமான் என்பது இன்னொரு காரணம்.

1991-இல் இந்தியா பொருளாதாரக் கதவைத் திறந்தது. இன்று நாமக்கல் கடைத்தெருவில் இல்லாத சோப்பும் இல்லை, கைப்பேசியும் இல்லை. 2025 செப்டம்பரில் அங்கே ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டபோது சாக்லெட், பிஸ்கட் போன்றவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் நம் பழக்கம் மட்டும் 1980-லேயே நிற்கிறது. இன்னமும் சாக்லெட்டைக் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறோம். அதுவும் கொக்கோ விலை 2024 இறுதியில் டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலர் வரை ஏறிய பிறகு. சந்தையில் கொக்கோ இறங்கிவிட்டாலும், கடைத் தட்டில் ஏறிய விலை அதே வேகத்தில் இறங்கவில்லை என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ரவாங் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் குறைந்தபட்சச் சம்பளக்காரர். 2025 பிப்ரவரி முதல் அது 1,700 ரிங்கிட். போக வேண்டிய வீடுகள் 18. வீட்டுக்கு ஒரு கிலோ மைலோ என்றால் பொட்டலம் ஏறக்குறைய 20 ரிங்கிட், மொத்தம் 360 ரிங்கிட். மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மைலோவுக்கே போய்விடும். எடையோ 18 கிலோ. மலிவுக் கட்டண விமானத்தில் கையில் கொண்டுபோக ஒருவருக்கு 7 கிலோதான். மேற்கொண்டு வேண்டுமென்றால் பெட்டிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பொட்டலத்தின் விலையோடு அதைச் சுமந்து செல்லும் விலையும் சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் போடும் கணக்கு வேறு. ஒரு ரிங்கிட் 2025 இறுதியில் 21 ரூபாயைத் தாண்டி நின்றது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் சரிந்து கிடந்தபோது 17 ரூபாய்ச் சொச்சம்தான். ஆக 1,700 ரிங்கிட் என்பது அவர்கள் கண்ணுக்கு 35,000 ரூபாய்க்கு மேல். வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் காசும் அந்தப் பெருக்கலில் தெரிவதில்லை. நாமும் அதைச் சொல்வதில்லை. வாடகைக் கார் பிடித்து, புதுச் சட்டை போட்டு இறங்கி, பெருக்கல் கணக்கு சரிதான் என்று நாமே உறுதிப்படுத்திவிட்டு வருகிறோம். ஊர்க்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று குறைப்படுவதில் பாதிதான் நியாயம்.

அப்படியானால் எதைக் கொண்டுபோவது? விலை குறைவாக, எடை குறைவாக, அங்கே எளிதில் கிடைக்காததாக, கொடுப்பவரின் ஊரை நினைவூட்டுவதாக இருக்க வேண்டும். இந்த நான்கிலும் தேறுபவை அதிகமில்லை.

முதலில் தேறுவது தைலம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோடாலித் தைலம் என்றால் இன்றும் பாட்டிமார் முகம் மலரும். இது மலேசியச் சரக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், 1928 முதல் சிங்கப்பூரில் தயாராவது. புலி முத்திரைத் தைலமும் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சரக்குதான். ஊரில் யாரும் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை, அவர்களுக்கு எல்லாமே மலாயாத் தைலம். கோடாலியில் 3 மில்லிலிட்டர் குட்டிப் புட்டி முதல் 56 மில்லிலிட்டர் வரை உண்டு. குட்டிப் புட்டி 18 வாங்கினாலும் ஒரு கிலோ எடை வராது. சேலை முந்தானையில் முடிந்துகொள்ள வசதியான அளவும் அதுதான். இதில் வேடிக்கை, இதே பயணத்தில் ஊட்டி வரை போகிறவர்கள் அங்கிருந்து நீலகிரித் தைலம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கோடாலித் தைலத்தில் இருக்கும் சரக்குகளில் அந்த யூகலிப்டஸ் எண்ணெயும் ஒன்று. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலம் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. பேரக்குழந்தையின் மூக்கில் தடவிவிடாமல் இருக்க, கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது மூன்றும் கலந்த காப்பியும் தே தாரிக்கும். ஈப்போ வெள்ளைக் காப்பி அங்கே கிடைக்கும் இன்ஸ்டண்ட் காப்பியைப் போல இருக்காது. ஒரு பெரிய பொட்டலத்துக்குள் பதினைந்து சிறு பொட்டலங்கள் இருக்கும். பெரிய பொட்டலத்தை அப்படியே ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பிரித்து ஐந்தைந்தாக ஒரு சின்னப் பையில் போட்டால் மூன்று வீட்டுக்கு ஆகும். ஆனால் செய்முறை சொல்லாமல் கொடுத்தால் வம்பு. அங்கே காப்பி என்றால் பால் காய்ச்சுவதுதான் முதல் வேலை. பாலும் சீனியும் ஏற்கெனவே உள்ள தூளைக் காய்ச்சிய பாலில் கொட்டி, மேலே இன்னும் இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் குடித்துவிட்டு, "உங்க ஊர்க் காப்பி ரொம்ப தித்திப்பு" என்பார்கள். வெறும் சுடுதண்ணீர் போதும் என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பையில் போடலாம். நீரிழிவு உள்ள வீடா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கேமரன் மலை போ தேயிலைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீலகிரித் தேயிலை விளையும் மாநிலத்துக்குத் தேயிலை கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதையாகலாம்.

இனிப்பு வகைகளில்தான் பலர் அறியாமல் தவறு செய்கிறார்கள். ஹலால் முத்திரை இருந்தால் போதும், யாருக்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. ஹலால் என்பது சைவம் என்று பொருள்படாது. ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ போன்றவற்றில் சேரும் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அதுவும் ஹலால்தான். இந்தியாவில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று குழந்தைகூடச் சொல்லும். நம் பொட்டலங்களில் அந்தப் புள்ளி கிடையாது. டிசம்பர், ஜனவரி என்பது ஐயப்பனுக்கும் பழனி முருகனுக்கும் மாலை போட்டிருக்கும் காலம். அந்த வீட்டில் போய்ப் பிள்ளைகள் கையில் ஜெல்லியைக் கொடுத்துவிட்டு, பிறகு யாராவது பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினால் கொடுத்தவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். மாட்டிறைச்சி செருண்டிங் போன்றவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோபுரச் சாவிக்கொத்துகள் பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் பசார் செனியிலும் கட்டுக் கட்டாகத் தொங்குகின்றன. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் அவற்றில் கணிசமானவை சீனாவிலிருந்து வருபவை. வாங்கியவர் ஆணியில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார். அதைவிட மலிவான ஒன்று எல்லார் பையிலும் இருக்கிறது. வௌ பட்டம் அச்சிட்ட ஒரு ரிங்கிட் பிளாஸ்டிக் நோட்டு. வங்கியில் புது நோட்டாக மாற்றி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தால் செலவு ஒரு ரிங்கிட்தான். அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய்க் காட்டாத பிள்ளை இருக்காது. தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனையும் நடக்கும்.

நம்மவர்கள் கையால் செய்த பொருள் என்று எதுவும் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பது உறுத்தலான விஷயம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே தொழில் தமிழர்களுடையது. அங்குள்ள குடியிருப்பின் பெயரே அதை வைத்துத்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பக்குவம், இங்கே மலாய்க்காரரும் சீனரும் வாங்கித் தின்னும் பண்டமாகி, பெயரும் மலாய்ப் பெயராகிவிட்டது. முறுக்கு விளைந்த மண்ணுக்கே முறுக்கா என்று கேட்கலாம். ஆனால் "இது உங்க ஊர்ச் சரக்குதான், எங்க ஊர்ல போய் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிக் கொடுக்கக்கூடிய பண்டம் வேறு எது இருக்கிறது? பேரங்காடியில் கொட்டும் 360 ரிங்கிட்டில் ஒரு பங்கு புந்தோங் பக்கம் போனால் அங்குள்ள ஒரு குடும்பத்துக்கும் அது வருமானம். நொறுங்காமல் கொண்டுபோவதுதான் சங்கடம். துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினால் ஓரளவு தப்பும்.

இன்னும் மலிவானது புகைப்படம். கைப்பேசியில் ஆயிரம் படம் இருந்தாலும், காகிதத்தில் பிரதி எடுத்த படத்துக்குக் கிராமத்தில் மதிப்புக் குறையவில்லை. 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சிக்கலால் இங்கிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. அந்த வீடுகளில் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இங்கே பிறந்தவர்கள், இங்கே பால் மரம் சீவியவர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன தோட்டத்துக் கோயில், லயத்து வீடு, பள்ளிக்கூடம் ஆகியவை இன்று எப்படி இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் மைலோ பொட்டலத்தை யாரும் தேட மாட்டார்கள். பல இடங்களில் லயம் இருந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ நிற்கும். அந்தப் படமும் வேண்டியதுதான். இத்தகைய பெரியவர்கள் சிலர் பெலாச்சான் கேட்பதும் உண்டு. கேட்டால் கொண்டுபோகலாம். ஆனால் மூன்று சுற்று நெகிழிப்பை கட்டாமல் பெட்டியில் வைத்தால் மற்ற பதினேழு வீட்டுப் பரிசும் அதே மணம் மணக்கும்.

ஊரில் படிக்கும் பழக்கமுள்ள வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுக்கு மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் நூல் கொண்டுபோகலாம். 1942, 43-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சயாம் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. "மலாயா போன பெரிய தாத்தா கடுதாசியே போடலை" என்று மட்டும் அறிந்திருக்கும் குடும்பம் அங்கே இன்றும் இருக்கலாம். அந்தக் காலத்தைச் சொல்லும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலை அப்படிப்பட்ட வீட்டில் கொடுத்தால், அது அவர்களுக்கு இங்கிருந்து வந்த தாமதமான கடிதம் போல இருக்கும். எல்லா வீட்டுக்கும் புத்தகம் ஆகாது. கொடுப்பவரும் படித்திருந்தால் நல்லது.

சுங்கத்தைப் பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுப் பயணப்பொதி விதிகளின்படி, 2025-இல் இந்திய வம்சாவளிப் பயணி ஒருவர் 50,000 ரூபாய் மதிப்பு வரை வரியின்றிப் பொருள் கொண்டுபோக முடிந்தது. தைலமும் காப்பியும் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது. தங்கம் வேறு கதை, அதற்குத் தனி விதி. பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, மின்சிகரெட். இந்தியாவில் 2019 சட்டப்படி அதைக் கொண்டுபோவதே குற்றம். மச்சானுக்கு ஆசையாக ஒரு 'வேப்' என்று இளைஞர்கள் யாரும் கிளம்பிவிடக் கூடாது. இன்னொன்று, பவர் பேங்க். மலிவாகக் கிடைக்கிறது என்று நான்கைந்து வாங்கிப் பெரிய பெட்டிக்குள் போட்டால் விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அது கைப்பையில்தான் வர வேண்டும்.

எதைக் கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதில்தான் மனக்கசப்பு விளைகிறது. தாய்மாமன் வீட்டுக்குப் போகும் முன் பங்காளி வீட்டில் பெட்டியைத் திறந்துவிட்டால் அது பத்து வருடப் பேச்சு. ஓர் அத்தைக்குப் பெரிய புட்டி, இன்னோர் அத்தைக்குச் சின்னப் புட்டி என்றால் அதுவும் அப்படியே. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுப் பை, உள்ளே ஒரே சாமான் என்று இங்கேயே கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி. கூடுதலாக ஐந்து பை இருக்கட்டும், எதிர்பாராமல் வந்து நிற்கும் சொந்தத்துக்கு. உண்மையில் உதவி தேவைப்படும் வீடு இருந்தால், கணவரை இழந்த சித்தியோ மருந்துக்குக் காசில்லாத பெரியப்பாவோ, அவர்களுக்குப் பரிசாக இல்லாமல் பணமாகவே கொடுக்கலாம். வெற்றிலை பாக்கோடு 501 ரூபாய் வைத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் நாலு பேர் பார்க்கக் கொடுக்கக் கூடாது. மைலோவில் செலவழிக்காத காசை இதற்கு ஒதுக்கினால் கணக்கும் இடிக்காது.

திரும்பி வரும்போது பெட்டி காலியாக இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத மண் அது. அப்பளம், வற்றல், இட்லிப் பொடி, வீட்டில் இடித்த மிளகாய்த் தூள், மணப்பாறை முறுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் வருத்தம். விதையும் செடியும் இறைச்சியும் மட்டும் வாங்கக் கூடாது. அவற்றுக்கு அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கேஎல்ஐஏ-விலேயே பறிபோகும். கருவேப்பிலைக் கன்று கொடுக்கும் அத்தைக்கு இதைப் புரிய வைப்பது சிரமம்தான். போன முறை கொடுத்த காலி மைலோ டின்னைக் கழுவிக் காய வைத்து, அதில் பருப்புப் பொடியை அமுக்கி நிரப்பி, மூடியைச் சுற்றித் துணி கட்டி வைத்திருப்பார். அதை எடுத்துக்கொள்ளலாம். கைப்பையின் ஏழு கிலோவில் அதற்கு ஒரு கிலோ ஒதுக்கி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.